பெயரில்லாத நோய்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே. 1822ஆம் ஆண்டில் திடீரென அவர் பார்வை மங்கியது; பின்னர்த் தெளிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால்கள் தளர்ந்தன, உடல் மரத்தது. மருத்துவர் பலரை நாடியும் நோயின் பெயரை எவரும் உரைத்திலர். ஆயினும், நேர்ந்தவற்றையெல்லாம் அவர் நாட்குறிப்பில் எழுதி வந்தார், 1848இல் மறைந்தார்.

1868இல் பாரிஸ் மாநகரில் ஷார்க்கோ என்னும் மருத்துவர், நோயாளரிடம் கண்ட குறிகளையும், இறந்தபின் அவர்தம் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட தழும்புகளையும் ஒப்பிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நோயைத் தெளிவுற விளக்கினார். டெஸ்டேயைப் பற்றியதும் அதுவே எனப் பிற்கால மருத்துவர் துணிந்தது, அந்நாட்குறிப்பின் துணையாலேயாம்.

இன்று காந்த அதிர்வுப் படம் தழும்புகளைக் காட்டுகிறது. எனினும், எப்போது எது நேர்ந்தது என்னும் நோயாளியின் சொல்லே மருத்துவர்க்கு இன்றும் முதற்சான்று.