வாண்டுமாமா

வாண்டுமாமா (1925–2014) என்பது தமிழ்ச் சிறுவர்களுக்குக் கதைகளோடு அறிவியல், பொது அறிவு நூல்களையும் எழுதிக் குவித்த வி. கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயர். பிறந்த ஊர் புதுக்கோட்டைச் சீமையின் அரிமளம். பெரியவர்களுக்கு எழுதும்போது ‘கௌசிகன்’ ஆகிவிடுவார். ‘பாமினிப் பாவை’ அந்தப் பெயரில் வந்த நாவல். பிள்ளைகளுக்கான பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி.

எளிய தமிழில் அறிவியல் சொன்ன முதல் ஆள் இவரல்லர். பெ. நா. அப்புசாமி, வாண்டுமாமா பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டார். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் ஒரு கழகமும் அறிஞர் குழுவும் இருந்தன. வாண்டுமாமாவுக்கு வாய்த்தது பத்திரிகை ஆபீஸ் மேசை. கெடு நாளுக்குள் பக்கம் நிரம்பியாக வேண்டும். படிக்கிற பையன் பாதியில் எழுந்து ஓடிவிடவும் கூடாது. அவருடைய நடையின் வேகம் அங்கே பிடிபட்டதுதான் என்று தோன்றுகிறது.

கல்கி இதழில் நெடுங்காலம் பணியாற்றினார். கல்கி நிறுவனம் 1972இல் தொடங்கிய ‘கோகுலம்’ சிறுவர் இதழிலும் அவர் உழைப்பு உண்டு. ஓவியர் செல்லத்தோடு சேர்ந்து படக்கதைகளும் செய்தார்.

1984இல் பைகோ நிறுவனத்தின் ‘பூந்தளிர்’ வந்தபோது ஆசிரியர் பொறுப்பு அவரிடம் வந்தது. கபீஷ் குரங்கையும் வேட்டைக்கார வேம்புவையும் தேடி இதழை வாங்கிய பிள்ளைகள், போகிற போக்கில் அடுத்த பக்கத்து அறிவியல் துணுக்கையும் படித்துவைத்தார்கள். பாடம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தொட்டிருப்பார்களோ!

‘தோன்றியது எப்படி?’, ‘நமது உடலின் மர்மங்கள்’, ‘உலகின் பழங்குடி மக்கள்’ ஆகியவை அவருடைய தகவல் நூல்களில் சில. தலைப்புகளைப் பார்த்தாலே போதும். பிள்ளைகள் வீட்டில் கேட்டு, பெரியவர்கள் ‘சும்மா இருடா’ என்று அடக்கிவிடும் கேள்விகள் அவை.

இணையம் வராத நாளில், பாலாற்றங்கரைப் பழையசீவரம் போன்ற ஊர்களில் அந்தக் கேள்விகளைக் கொண்டுபோய்க் கேட்கப் பள்ளிக்கூட வாத்தியாரை விட்டால் நூலகந்தான் கதி. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே மாநிலமெங்கும் பரவிய நூலகங்கள், தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்களும் ஆயின. சிறுவர் தகவல் நூல்களுக்கு அந்தக் கொள்முதல் பெரும் பலம்.

தம் வாழ்க்கைக் கதையை ‘எதிர்நீச்சல்’ என்ற நூலாக எழுதினார். 2014 ஜூனில் காலமானார். கௌசிகனும் வாண்டுமாமாவும் ஒரே ஆள்தான் என்பதை அறியாமலே இருவரையும் படித்த வாசகர்கள் இருந்திருப்பார்கள்.