ஜப்பானியரின் உருஷித் தொழில்

அரக்கு என்றவுடன் நம்மனோர்க்குப் பூச்சியால் உண்டாகும் செவ்வரக்கே நினைவிற்கு வரும். ஜப்பானியர் கலங்களுக்குப் பூசும் உருஷி அஃதன்று. அது மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பால். ஒரு மரம் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 200 கிராமே தரும். அப்பால் வெயிலில் உலர்வதன்று, ஈரக்காற்றிலேயே இறுகும்.

1868-இல் தோகுகவா ஆட்சி ஒழிந்தது; பிரபுக்களின் ஆதரவும் உடன் ஒழிந்தது. 1876-இல் வாள் தரித்தல் விலக்கப்படவே, வாளுறைக்கு மெருகிட்டோர் பிழைப்பிழந்தனர். அந்நாளினும் ஷிபாதா ஸெஷின் (1807–1891) என்னும் பேராசான் தொழிலைக் கைவிட்டாரல்லர். 1873-இல் வியன்னாப் பொருட்காட்சிக்குத் தம் வேலைப்பாட்டை அனுப்பினார். 1890-இல் அரண்மனைக் கலைஞராயினார்.

இன்று இத்தொழிலுக்குப் பெயர்போன நகரம் நோட்டோ தீபகற்பத்து வாஜிமா. அங்கே மரங்கடைவார் ஒருவர், துணியொட்டிச் சுட்ட மண்பொடி கலந்த அடிப்பூச்சிடுவார் ஒருவர், மேற்பூச்சிடுவார் ஒருவர், பொற்பொடி தூவிச் சித்திரம் எழுதுவார் மற்றொருவர். நூற்றுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்தே ஒரு கலம் முடிவுறும்.

2024 ஜனவரி 1-ஆம் நாள் நிலநடுக்கமும் தீயும் அந்நகரைப் பாழாக்கின. செப்டம்பரில் வெள்ளமும் புகுந்தது. பட்டறை இழந்தோர் பலர். எரிந்த கலத்திற்கு ஈடாக வேறு கலம் செய்துகொள்ளலாம்; அத்தொடரில் ஒரு கை ஓய்ந்தாலோ, ஏனைய கைகளும் செயலற்றுப்போம். இதனையுணர்ந்தே அத்தொழிலாளர் தற்காலிகப் பட்டறைகளில் மீண்டும் அமர்ந்தனர். தொழிலின் உயிர் பொருளிலன்று, கையிலிருந்து கைக்கு மாறும் பயிற்சியிலேயே உளது என்பதை யாம் இவர்பால் கண்டு போற்றுகின்றோம்.