குளிர்பதன வாயுக்கள்: ஒரு நூற்றாண்டு வரலாறு

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கோடைதோறும் நிகழ்வதொன்று உண்டு. வீடு முழுவதையும் குளிர்விக்கும் சென்ட்ரல் ஏ.சி.யில் குளிர் குறைகிறது. பழுது பார்க்க வந்தவர், "கேஸ் குறைந்துவிட்டது. இது ஆர்-22 இயந்திரம். அந்த கேஸ் இப்போது புதிதாகத் தயாராவதில்லை, இயந்திரத்தையே மாற்றிவிடுவது நல்லது" என்கிறார். தாம் ஏமாற்றப்படுகிறோமோ என்பதே வீட்டுக்காரருக்கு எழும் முதல் ஐயம். அதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது.

மூடிய குழாய்களுக்குள் ஒரு பொருள் ஆவியாகும்போது வீட்டின் வெப்பத்தைக் கவர்கிறது. வெளியே சென்று மீண்டும் நீர்மமாகும்போது அதனை விட்டுவிடுகிறது. தொடக்கத்தில் இப்பணிக்கு அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. மூன்றும் நஞ்சு. கசிவு உயிரைக் குடித்தது. பெர்லினில் ஒரு குடும்பமே இவ்வாறு மாண்ட செய்திதான் ஐன்ஸ்டைனையும் லியோ சிலார்டையும் கசிவுக்கு இடமற்ற குளிர்பதனப் பெட்டியொன்றை வடிவமைக்கத் தூண்டியது என்பர். 1930இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

ஆயினும் உலகம் ஏற்றது வேறொரு தீர்வை. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் குளோரோஃபுளோரோகார்பன்களைக் குளிர்பதனத்துக்குரியனவாகக் கண்டறிந்தனர். 1930இல் அறிஞர் அவையொன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, மெழுகுவத்தியின் மீது ஊதி அதனை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயுமில்லை என்பது அதன் பொருள். ஃப்ரீயான் என்னும் பெயர் வீடுதோறும் பரவியது. பின்னர் அதே பெயரில் விற்கப்பட்ட ஆர்-22, வீட்டு ஏ.சி.களின் பொதுவாயுவாயிற்று.

இவற்றிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்துவருவது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆர்-22 விளைக்கும் ஓசோன் கேடு ஒப்பீட்டளவில் சிறிது. ஆகவே அதற்கு நீண்ட தவணை கிடைத்தது. அமெரிக்காவில் 2010 முதல் புதிய இயந்திரங்களில் அது தடைப்பட்டது. 2020 முதல் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றன. பழைய இருப்பும், பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டுத் தூய்மை செய்ததுமே இன்று கிடைக்கின்றன, விலையும் கூடுதல்.

அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ வாயுவில் குளோரின் இல்லை. ஆனால் அதன் அழுத்தம் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மிகுதி. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் வேறு. ஆகவே பழைய இயந்திரத்தில் அதனை நிரப்ப இயலாது. இந்த அளவில் பழுது பார்ப்பவர் சொன்னது மெய்யே. எனினும் ஆர்-410ஏ, கரியமில வாயுவைப்போல் ஈராயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பப்படுத்துவது. 2016இல் கிகாலித் திருத்தம் இவ்வகை வாயுக்களையும் குறைக்கப் பணித்தது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் வீட்டு ஏ.சி.களுக்கு இவ்வெப்பமூட்டும் அளவின் வரம்பு 700. ஆர்-32 (675), ஆர்-454பி (466) ஆகியவை அதற்குள் அடங்குவன. இரண்டும் சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையவை.

மிட்ஜ்லி அணைத்துக் காட்டிய தீ மீண்டும் வீட்டுக்குள் வருகிறது. இம்முறை அறிந்தே, காப்புகளோடு. அவர் தலைமுறை 'வீட்டுக்குள் கொல்லுமா?' என்று கேட்டுச் சரியான விடையே கண்டது. வானத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இனி அந்த வீட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வாயு எரிபொருளன்று, ஓடி ஓடிச் செலவாவதில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது, அடுத்த கோடைக்குள் மீண்டும் வானுக்கு அனுப்புவதற்கே. எனவே 'எவ்வளவு நிரப்பவேண்டும்?' என்பதற்கு முன்னர் 'எங்கே கசிகிறது?' என்று கேட்கட்டும். இயந்திரத்தை மாற்றுவதா, சீர்செய்வதா என்பதை அந்த விடை வந்தபின் முடிவு செய்யலாம்.