உயர்பெருக்க வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயரை வீட்டில் கட்டுதல்

மின் கிதாரின் மெல்லிய சமிக்ஞையை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வால்வுக் கட்டங்கள் வழியே அடுத்தடுத்துப் பெருக்கி, வேண்டுமென்றே சிதைத்து, நீண்டு நிற்கும் அடர்ந்த ஒலியாக்கும் கருவி உயர்பெருக்க வால்வு ஆம்ப்ளிஃபயர். ஹார்டு ராக், மெட்டல் இசையின் கிதார் ஒலி பெரிதும் இதிலிருந்து பிறந்தது. பாகங்களை வாங்கி, சேஸிஸில் துளையிட்டு, கையால் சால்டர் வைத்து இதை ஒருவரே கட்டி முடிக்கலாம். பெருக்கத்தைக் கூட்ட ஒரு வால்வைச் சேர்த்தாலே போதும். அது உறுமலாகவோ வீறிடலாகவோ மாறாமல் இசையாக நிற்க, எந்தக் கட்டத்தில் எதை எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிப்பதே கட்டுபவரின் முதன்மையான வேலை.

வரலாறு

ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் 1962-ல் உருவான ஜேடிஎம்45, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றைப் பின்பற்றியது. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் முன்பெருக்கியில் கூடுதல் கட்டங்களைத் தொடராக இணைத்து மெசா பூகி மார்க் வரிசையைத் தொடங்கினார். மார்ஷலின் மாஸ்டர் வால்யூம் கொண்ட 2203 மாதிரி 1975-ல் வந்தது; அதே சுற்று 1981 முதல் ஜேசிஎம்800 என்ற பெயரில் விற்பனையானது. மைக் சொல்டானோ 1987-ல் வெளியிட்ட எஸ்எல்ஓ-100, நான்கு பெருக்கக் கட்டங்களைத் தொடராக வைத்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த பீவி 5150, மெசா டூயல் ரெக்டிஃபையர் ஆகியவற்றின் சுற்றுகளிலும் இதன் சாயல் உண்டு. இன்று வீட்டில் கட்டுவோர் பெரும்பாலும் ஜேசிஎம்800 அல்லது எஸ்எல்ஓ சுற்றிலிருந்தே தொடங்குகிறார்கள்.

முன்பெருக்கி

முன்பெருக்கியின் அடிப்படை 12ஏஎக்ஸ்7 வால்வு. ஐரோப்பாவில் இதன் பெயர் ஈசிசி83. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள், கத்தோடு, கிரிட், பிளேட் என்ற மூன்று மின்முனைகள் கொண்ட டிரையோடுகள் இரண்டு உள்ளன; ஒவ்வொரு டிரையோடும் ஒரு கட்டம். 100 கிலோ ஓம் பிளேட் மின்தடையும் 1.5 கிலோ ஓம் கத்தோடு மின்தடையும் கொண்ட வழக்கமான அமைப்பில், ஒவ்வொன்றும் சமிக்ஞையை 50 முதல் 60 மடங்கு பெருக்கும்.

பிக்கப்பிலிருந்து வரும் 100 மில்லிவோல்ட், முதல் கட்டத்தைத் தாண்டும்போதே 5 வோல்ட்டைத் தொடுகிறது. அடுத்த கட்டத்தின் கிரிட் சிதைவின்றித் தாங்குவதோ சுமார் ஒன்றரை வோல்ட். அதனால் ஒவ்வொரு இரு கட்டங்களுக்கும் நடுவில் மின்தடைகளால் ஆன பிரிப்பான் ஒன்று சமிக்ஞையில் பெரும்பகுதியைக் குறைக்கிறது. கெயின் கட்டுப்பாடும் அத்தகைய பிரிப்பானே.

ஒலியின் குணத்தை மூன்று முடிவுகள் வரையறுக்கின்றன. முதலாவது, தாழ்ந்த அதிர்வெண்களைச் சிதைவுக்கு முன்பே குறைப்பது. தடித்த தந்திகளின் ஒலி முழுதாகச் சிதைவுக் கட்டங்களுக்குள் போனால் ஒவ்வொரு சுரமும் குழம்பிவிடும். கத்தோடில் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அனைத்துச் சுரங்களையும் ஏறத்தாழச் சமமாகப் பெருக்கும், 0.68 மைக்ரோஃபாரட் வைத்தால் தாழ்ந்த சுரங்களின் பெருக்கம் மட்டும் குறையும். ஜேசிஎம்800-ன் இறுக்கமான ஒலிக்கு இந்தச் சிறு மின்தேக்கி ஒரு காரணம்.

இரண்டாவது, ஒரு கட்டத்தின் கத்தோடு மின்தடையை மிகப் பெரிதாக வைத்து வால்வைக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்குவது. இந்த மதிப்பு ஜேசிஎம்800-ல் 10 கிலோ ஓம், எஸ்எல்ஓவில் 39 கிலோ ஓம். அலையின் ஒரு பாதி மட்டும் முன்னதாக வெட்டுப்படுவதால், கரகரப்பும் உறுதியும் சேர்ந்த ஒலி கிடைக்கிறது.

மூன்றாவது, கிரிட்டுக்கு முன்னால் தொடராக 470 கிலோ ஓம் போன்ற பெரிய மின்தடை வைப்பது. இது இல்லாவிட்டால் பலமாக மீட்டும்போது கிரிட் மின்னோட்டத்தால் இணைப்பு மின்தேக்கியில் மின்னூட்டம் ஏறி, வால்வு ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். சுரத்தின் தொடக்கம் விழுங்கப்பட்டு, பின்பகுதி பொரிந்துகொண்டு வரும்.

திறன் பகுதி

325-0-325 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைச் சிலிக்கான் டையோடுகளால் திருத்தினால், சுமையின்றி ஏறத்தாழ 460 வோல்ட் நேர்மின்சாரம் கிடைக்கும். 50 வாட் அளவுக்கு இரண்டு இஎல்34 அல்லது 6எல்6 வால்வுகள் போதும். இரண்டு இஎல்34-க்கு சுமார் 3.4 கிலோ ஓம் முதன்மைச் சுமையுள்ள வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வழக்கம். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான மின்தடையோ இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை இயக்கினால் இந்த டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் எரிந்துபோகலாம்.

அமைப்பும் எர்த்தும்

சாதாரண ஆம்ப்ளிஃபயரில் தெரியாத கம்பிப் பிழைகள் இங்கே உரக்கப் பேசும். ஒவ்வொரு கட்டமும் அலையைத் தலைகீழாக்குவதால், இரண்டாம் கட்டத்தின் வெளியீடு முதல் கட்டத்தின் உள்ளீட்டோடு ஒத்த திசையில் இருக்கும். அவ்விரண்டின் கம்பிகள் அருகருகே ஓடினால் கருவி தானாகவே வீறிடும். ஆகவே கிரிட் மின்தடைகளை வால்வு சாக்கெட்டின் முள்ளிலேயே சால்டர் வைக்க வேண்டும். கெயின் கட்டுப்பாட்டுக்குப் போகும் கம்பிகள் உறையிட்டவையாக இருக்க வேண்டும். உள்ளீடு சேஸிஸின் ஒரு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர்கள் மறுமுனையிலும் அமைய வேண்டும்.

உறுமலின் மூலத்தை அதன் சுருதியே காட்டிக்கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில், 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் ஹீட்டர் கம்பிகளையோ எர்த் வளையத்தையோ ஆராய வேண்டும். 100 ஹெர்ட்ஸ் என்றால் மின்வழங்கியின் வடிகட்டலை. ஹீட்டர் கம்பிகளை இறுக முறுக்கிச் சேஸிஸின் மூலையை ஒட்டி நடத்துவதும், முதல் வால்வின் ஹீட்டருக்கு நேர்மின்சாரம் கொடுப்பதும் நல்ல பலன் தரும். ஒவ்வொரு கட்டத்தின் எர்த்தும் அதற்கு மின்சாரம் தரும் வடிகட்டி மின்தேக்கியிடமே திரும்ப வேண்டும்.

பாதுகாப்பு

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அவற்றின் குறுக்கே 220 கிலோ ஓம், 3 வாட் மின்தடை நிரந்தரமாக இருந்தால் அது சில நிமிடங்களில் வடிந்துவிடும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரால் அளந்த பின்பே கை வைக்க வேண்டும். சேஸிஸை மின்இணைப்பின் எர்த்துடன் தனி போல்ட்டில் பிணைப்பது கட்டாயம். மின்னழுத்தத்தின் ஆபத்தை அறியாதவர், அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

முதல் இயக்கமும் சரிசெய்தலும்

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, தொடராக ஒரு பழைய இழை பல்பை இணைப்பது வழக்கம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளீரென எரிந்து காட்டிவிடும்; டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். வால்வுகள் இல்லாமல் மின்னழுத்தங்களைச் சரிபார்த்து, பிறகே வால்வுகளைப் பொருத்த வேண்டும். கிதார் இணைக்காமலே கூச்சல் எழுந்தால், வெளியீட்டிலிருந்து திறன் பகுதிக்குத் திரும்பும் எதிர்ப்பின்னூட்டம் நேர்ப்பின்னூட்டமாகியிருக்கலாம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரு பிளேட் கம்பிகளை இடம் மாற்றினால் அது அடங்கும்.

அடுத்து, பல்பை நீக்கிவிட்டுத் திறன் வால்வுகளின் பயாஸை, அதாவது சமிக்ஞை இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தை, அமைக்க வேண்டும். இஎல்34-ன் உச்சப் பிளேட் திறன் 25 வாட். அதில் 70 விழுக்காட்டுக்கு, அதாவது 17.5 வாட்டுக்கு, அமைப்பது வழக்கம். பிளேட்டில் 460 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 38 மில்லிஆம்பியர். கத்தோடில் 1 ஓம் மின்தடை இருந்தால், மீட்டரில் ஏறத்தாழ 38 மில்லிவோல்ட் என்று அதைப் படிக்கலாம்.

ஒலியைச் செம்மைப்படுத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி, கச்சேரியில் வாசிக்கும் சத்தத்திலேயே கேட்க வேண்டும். மெல்லிய சத்தத்தில் இனிக்கும் தாழ்சுரம், டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் சேறாகிவிடும். மாற்றிய மதிப்பையும் அதன் விளைவையும் சுற்றுப்படத்திலேயே குறித்து வைத்தால், அடுத்து எதைக் குறைக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.