உரோகணத்து மலைகளும் பொன்னியின் செல்வனும்

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரு பாகங்களும் வெளிவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பதுளைப் பக்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சு இன்றும் எழுகிறது. மணிமேகலையை அடியோடு விட்டுவிட்டார்கள். நாவலின் முடிவில் சேந்தன் அமுதன் பெற்ற முடியை மதுராந்தகனுக்கே சூட்டிவிட்டார்கள். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்க முனைந்தால் இவை நேரும் என்று அவர்களைச் சமாதானப்படுத்துவேன். என் மனக்குறை வேறு.

கல்கி இந்தத் தொடரை எழுதத் தொடங்கியது 1950இல். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பசறையிலும் மடுல்சீமையிலும் தெமோதரையிலும் காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்தவர்கள், சட்டத்தின் கண்ணில் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர். அவ்வேளையில்தான் சென்னையிலிருந்து வந்த இதழின் பக்கங்களில் வந்தியத்தேவன் குதிரையேறி வந்தான். லயத்து விளக்கொளியில் எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டனர். தமிழக இதழ்களின் இறக்குமதி 1970களின் தொடக்கத்தில் கட்டுப்படுத்தப்பட்டபோது, நூலாகக் கட்டிவைத்த பழைய இதழ்களே கைமாறின. 'கூலி' என்று அழைக்கப்பட்டவனுக்கு, கடல் கடந்து ஆண்ட முன்னோர் இருந்தனர் என்ற எண்ணம் சிறிய ஆறுதலன்று. அதை நான் ஒருபோதும் எள்ளேன்.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதி நம் காலடியிலேயே கிடக்கிறது. இன்றைய ஊவா மாகாணத்தின் பெரும்பகுதி பண்டைய உரோகண நாட்டைச் சேர்ந்தது. பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன், தன் மணிமுடியைச் சிங்கள மன்னனிடம் அடைக்கலமாக வைத்தான். சோழப்படை அதைத் தேடி வந்தபோது நான்காம் உதயன் முடியோடு உரோகணத்துக்குத் தப்பினான் என்கிறது சூளவம்சம். நாவலில் இழையோடும் பாண்டிய முடியின் மர்மத்துக்கு வேர் இதுவே. பின்னர் 993 அளவில் இராசராசனின் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. ஐந்தாம் மகிந்தனும் உரோகணத்திலேயே ஒதுங்கியிருந்தான். 1017இல் இராசேந்திரனின் படை அங்கும் புகுந்து அவனைச் சிறைபிடித்து, முடிகளையும் எடுத்துச் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவன் சோழ நாட்டிலேயே மாண்டான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும் அந்நூல் பதிந்திருக்கிறது. 1070இல் பொலன்னறுவையை மீட்ட விசயபாகு கிளம்பியதும் உரோகணத்திலிருந்தே.

பிக்குகள் நீட்டிய இலங்கை முடியை அருள்மொழிவர்மன் மறுக்கும் காட்சி கல்கியின் கற்பனை. அழகான கற்பனைதான். படத்திலும் அது இடம்பெற்றது. 2022 செப்டம்பர் 30 அன்று படம் வந்தபோது, இலங்கையின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாய். அந்தக் காசிலும் மிச்சம் பிடித்துப் படம் பார்த்தவர்களை நான் அறிவேன். அவர்கள் முடி மறுப்பை வரலாறென்றே நம்பி வீடு திரும்பினர்.

இங்கேதான் என் மனக்குறை. அயலில் வாழும் சிங்களச் சிறுவன் சோழரைக் கோயிலிடித்த படையெடுப்பாளராகப் படிக்கிறான். நம் வீட்டுச் சிறுவன் அதே சோழரைத் தியாகச் செம்மலாகத் திரையில் காண்கிறான். ஒரே பேருந்தில் பசறைக்குப் போகும் இருவரும் இரண்டு இலங்கைகளைச் சுமந்து செல்கின்றனர். நம் பாட்டன்மார் இம்மலைகளுக்கு வந்தது வாளேந்தியன்று. கடனும் பஞ்சமும் துரத்த, கங்காணியின் பின்னே நடந்துதான். இரண்டாம் பாகம் வந்த 2023ஆம் ஆண்டே மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டாகவும் நினைவுகூரப்பட்டது. அந்த நடைப்பயணத்தைப் படமெடுக்க எவரும் கோடிகளைக் கொட்டவில்லை.

கல்கியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். என்னாலும் அது இயலாது. பிள்ளைகள் கையில் அந்த ஐந்து பாகங்களைக் கொடுக்கும்போது, உரோகணம் என்ற சொல் வருமிடத்தில் ஒரு கணம் நிறுத்தி, அது சன்னலுக்கு வெளியே தெரியும் இந்த நிலம்தான் என்று சொல்லுங்கள். இங்கே ஓடி ஒளிந்த மன்னனின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.