சைகோனில் சாகசம், சேரியில் தீட்டு

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியது. டெல்டாக்காரர்களுக்கு வியட்நாம் இப்போது பக்கத்து ஊர். போகிறவர்களுக்கு அங்கே ஒரு விசேஷச் சுற்றுலா காத்திருக்கிறது. மாலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, வழிகாட்டி சந்து சந்தாக அழைத்துப்போய்த் தெருக்கடைகளில் சாப்பிட வைப்பார். "துணிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும்" என்ற தோரணையில்தான் இதை விற்கிறார்கள். நத்தை, வயல் எலி, பாதி வளர்ந்த குஞ்சோடு அவித்த வாத்து முட்டை, ரத்தக்கட்டி மிதக்கும் கஞ்சி, மாட்டுக் குடல். ஒவ்வொன்றையும் வாயில் வைக்கும்போது கூட வந்தவர் படம் எடுப்பார். மறுநாள் அது சாகசமாக உலகம் முழுக்கச் சுற்றும்.

தோழர்களே, அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். வாத்து முட்டையை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் காவிரி டெல்டாவின் சேரிகளில் சமைத்தவைதானே? நம் பாட்டிமார் நத்தையைச் சாகசம் என்று நினைத்து எடுக்கவில்லை. மழை விட்டதும் வயலிலும் வாய்க்காலிலும் பொறுக்கி, வேகவைத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்து, மிளகு போட்டு வறுத்தார்கள். அன்றைக்குக் குழம்பு இருந்தது, அவ்வளவுதான். அதற்காக நமக்குக் கிடைத்த பட்டம் "நத்தை தின்னி".

சைகோனில் நத்தைக்கென்றே தெரு இருக்கிறது. முன்பு நான்காவது வட்டமாக இருந்த பகுதியில் உள்ள வின் கான் தெருவில் இரவில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, நத்தையும் சிப்பியும் வகைவகையாக விற்கிறார்கள். சதுப்புநில நத்தையைத் தேங்காய்ப்பாலில் வதக்கித் தருவதும் உண்டு. வங்கி ஊழியரும் கல்லூரி மாணவியும் கட்டடத் தொழிலாளியும் அங்கே உட்கார்ந்து ஓட்டோடு உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். வியட்நாமில் ஏழை பணக்காரன் வேறுபாடு இல்லையென்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் நத்தை சாப்பிட்டவருக்குத் தனிக் குவளை கொடுக்கும் டீக்கடை அங்கே இல்லை.

நம் ஊரிலும் நத்தையை ஆதிக்கசாதி வீடுகளில் தொடாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மூலத்துக்கு நல்லது, உடல் சூட்டுக்கு நல்லது என்று சேரிக்கு ஆள் அனுப்பி வாங்கிப் போனார்கள். மருந்தென்றால் தீட்டில்லை. அதே சதையை நாம் பசிக்குச் சாப்பிட்டால் சாதிக்குணம்.

எலியின் கதை இன்னும் கசப்பு. மெக்கோங் டெல்டாவின் ஆன் ஜியாங், டோங் தாப் மாகாணங்களில் அறுவடை முடிந்ததும் வயல் எலி பிடித்துச் சுட்டும் வறுத்தும் விற்கிறார்கள். கம்போடியாவிலிருந்து இறக்குமதி செய்யும் அளவுக்குக் கிராக்கி. நெல் தின்ற எலி சுத்தமானது, ருசியானது என்பது அங்குள்ளோர் கணக்கு. இங்கே தஞ்சை மண்ணின் பெயரிலேயே ஒரு எலிப்பொறி உண்டு: தஞ்சாவூர் கிட்டி, மூங்கிலை வில்போல வளைத்துச் செய்வது. மிராசுதாரின் நெல்லைக் காப்பாற்ற எலி பிடிக்கப் போனவர்கள் நாம்தான். பிடித்த எலி நம் சட்டிக்கு வந்தது. எலிவளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெற்கதிரையும் எடுத்துவந்தோம். விளைவித்தவருக்கு எலியின் மிச்சம்தான் உபரி என்ற நிலையை யோசித்துப் பாருங்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதைக் கீழவெண்மணி சொல்லும்: 1968 டிசம்பர் 25, குடிசைக்குள் 44 பேர்.

இப்போது காரைக்கால் கடற்கரைக்கு வருவோம். கிளிஞ்சல்மேடு என்ற மீனவர் ஊர். கிளிஞ்சல் குவிந்த மேடு என்று பெயரே சொல்கிறது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. நம் பகுதியின் பழைய கோயில், மாளிகை, அக்கிரகார வீடு எதுவானாலும் சுவரில் பூசிய வெள்ளை இதுபோன்ற கடற்கரைகளிலிருந்து போனதுதான். வெற்றிலைக்குக் கல் சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் சுண்ணாம்பே உசத்தி என்பார்கள். ஆக, ஓட்டை வெற்றிலையில் தடவி வாயில் போடலாம், அந்த ஓட்டுக்குள் இருந்த சதை தீட்டு! சாதியின் சுவை அறிவு இவ்வளவுதான்.

ஒன்றைக் கலக்காமல் சொல்ல வேண்டும். கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் தலித்துகள் அல்லர். மீன் வாடையைச் சொல்லி அவர்களையும் இழிவுபடுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பக்கத்து நாகைக் கடற்கரையில் முகாமிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியிருக்கின்றன. எல்லோருடைய வீட்டையும் கடல் ஒன்றாகவே அடித்தது. ஆறிய பிறகு சோற்றுப் பொட்டலத்துக்குச் சாதி திரும்பி வந்தது. உணவால் இழிவுபட்டவர்கள் எல்லோரும் தானாகவே ஓரணியில் நிற்பார்கள் என்று நம்பி வேலை செய்யப் போகும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காரைக்காலுக்கும் சைகோனுக்கும் உள்ள உறவு விமானத்தில் தொடங்கியதல்ல. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1859இல் அதே பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. 1862 உடன்படிக்கையோடு கொச்சின்சீனா குடியேற்ற நாடானது. புதிய நாட்டை நடத்த எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர் என்று கீழ்நிலை ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பலேறினார்கள். செட்டியார்கள் வட்டிக்கடையோடு போனார்கள். காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் துணிக்கடையோடு போனார்கள். சைகோனின் மாரியம்மன் கோயிலும், 1935இல் எழுந்த பள்ளிவாசலும் இன்றும் அங்கே நிற்கின்றன. நம் ஆட்கள் வரலாறு எழுதும்போது பெரும்பாலும் இந்தக் கோயிலோடும் வட்டிக்கடையோடும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாம் பார்க்க வேண்டியது 1881 செப்டம்பர் 21 ஆணை. பிரெஞ்சிந்தியாவில் ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கையெழுத்திட்டால், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். புதிதாக ஒரு குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். இதை முன்னின்று செய்தவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடியவர். பிறகு லப்போர்த் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அவர் பிறப்பால் தலித் அல்லர். ஆனால் அவர் திறந்த கதவின் வழியே உள்ளே வந்தவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். சாதி இந்துத் தலைவர்கள் பதறினார்கள். துறந்தவர்களின் வாக்குரிமையை எதிர்த்துத் தேர்தல் அரசியலே நடந்தது.

சாதியை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் துறக்கலாம் என்ற வாய்ப்பு! அம்பேத்கர் யேவலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தது 1935இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் கடற்கரையில் இப்படி ஒரு வெளியேற்றம் நடந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது.

அந்தக் கையெழுத்தோடு சைகோன் போனவர் அங்கே மாட்டெலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட 'ஃபோ' கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தால், யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கப் போவதில்லை. ஃபோ கூட அப்படிப் பழமையான ராஜ உணவல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் தின் பக்கம் உருவானது. வியட்நாமியர் மாட்டை உழவுக்கு வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு மாட்டுக்கறி தேவைப்பட்டது. கறியை அவர்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய எலும்பு தெருச் சமையற்காரர்களிடம் வந்து சூப்பானது என்று உணவு வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். மேலே இருப்பவர் கழித்த பகுதியிலிருந்து கீழே இருப்பவர் செய்த உணவு. நம் குடல் கறியும் உப்புக்கண்டமும் அதே வம்சம். அது ஒரு நாட்டின் தேசிய உணவானது. இது இன்னும் ஒளித்துச் சமைக்கும் உணவாக இருக்கிறது.

கொடுத்ததும் உண்டு. வியட்நாமியர் 'கா ரி' என்று சொல்லி, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளியும் சேர்த்து, ரொட்டி தொட்டுச் சாப்பிடுவது இந்தியர் வழியே போன கறிதான். ஆனால் இதைப் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போனால் நேர்மையாகாது. சந்தைக் குத்தகையும் படகுத்துறைக் குத்தகையும் எடுத்து வியட்நாமியரிடம் சுங்கம் வசூலித்தவர்களிலும் தமிழர் இருந்தார்கள். கூடையில் நத்தை கொண்டுவந்து விற்ற பெண்ணுக்கு அந்தத் தமிழர் யாராகத் தெரிந்திருப்பார்? பிரெஞ்சுக்காரனின் ஆள். இங்கே ஒடுக்கப்பட்டவர் அங்கே ஒடுக்கும் எந்திரத்தின் பல்லாகவும் இருக்க நேர்ந்தது. 1945இல் வட வியட்நாம் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 20 லட்சத்துக்கும் மேல் என்றது ஹோ சி மின்னின் விடுதலைப் பிரகடனம். அப்போது நாட்டை ஆண்டது பிரெஞ்சு நிர்வாகமும் ஜப்பானியப் படையும். கிடைத்ததையெல்லாம் சமைக்கத் தெரிந்த ஒரு மக்களின் திறமையில் இந்தப் பசியின் பங்கும் உண்டு. ஸ்கூட்டர் சுற்றுலாவில் அதைச் சொல்ல நேரமிருக்காது.

1954இல் பிரெஞ்சு ஆட்சி இரண்டு பக்கமும் முடிந்தது. மே மாதம் தியன் பியன் பூ வீழ்ந்தது. நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் வியட்நாமிய மனைவிகளும் அவர்கள் கைப்பக்குவமும் வந்தன. 'நேம்' என்ற பொரித்த சுருள் புதுச்சேரியில் இன்றும் விருந்துப் பண்டம். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு. கடல் தாண்டி வந்த பன்றிக்கறிச் சுருளுக்கு மேசை கிடைத்தது. பக்கத்து வாய்க்காலில் எடுத்த நத்தைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நம் உணவெல்லாம் பெருமை" என்று முழக்கமிடுவது எளிது. 1927இல் மகாடில் கூடியபோது, செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் தம் மக்களிடம் கேட்டார். அதே அம்பேத்கர் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில், மாட்டிறைச்சி உண்பதை ஒட்டியே தீண்டாமை வளர்ந்தது என்று வாதாடி, சைவப் புனிதத்தின் வரலாற்றைப் பிரித்துப் போட்டார். இரண்டிலும் முரண் இல்லை. ஊர் கட்டளையிட்டுத் தின்னவைத்தது வேறு, நாம் விரும்பிச் சமைப்பது வேறு. நம் தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய, 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது. சாணிப்பாலையும் நத்தைக் குழம்பையும் ஒரே பழைய நினைவாகக் கட்டி வைக்க முடியாது.

2016 மே மாதம் ஹனோயில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையற்கலைஞர் ஆண்டனி போர்டெய்னும் சாதாரணக் கடையொன்றில் சுட்ட பன்றிக்கறியும் நூடுல்ஸும் சாப்பிட்டார்கள். இருவருக்கும் சேர்த்து 6 டாலர். அந்த மேசையைக் கடைக்காரர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது, மாட்டுக்கறி பிரியாணி மட்டும் இருக்காது என்ற நிபந்தனையோடு. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைகவுண்டம்பாளையத்தில் பள்ளிச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஊர் தடுத்தது. அந்தச் சட்டியில் மாட்டுக்கறி இல்லை, நத்தை இல்லை. சோறும் சாம்பாரும்தான். பிரச்சினை பண்டத்தில் இல்லை, கையில் இருந்தது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 1954இல் 20 வயதில் சைகோனிலிருந்து திரும்பியவருக்கு இன்று 90 தாண்டியிருக்கும். காரைக்காலின் தெருக்களில் ரெனோன்சான் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள்: அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கப்பலில் யார் சமைத்தது, திரும்பி வந்த முதல் வாரம் ஊருக்குள் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்தக் குவளையில்.