இரு கரைகளில் ஒரு தப்பு: 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் சப்ரகமுவத் தோட்டங்களின் தாளமரபும்

ஒரு மக்கட் கூட்டம் அரசியல் முடிவொன்றினால் இரண்டாகப் பிரிக்கப்படும்போது, அதன் பேச்சும் வழிபாடும் எவ்வாறு மாறுகின்றன என ஆராய்ந்தோர் பலர். அதன் தாளம் என்னவாகின்றது என வினவியோர் சிலரே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் தப்பிசையை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பிரிவுக்குக் கொரியா நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். கொரிய நாட்டாரிசையின் தாளக்கட்டுகளுக்கு ‘சங்தான்’ என்று பெயர். நெடுமையும் குறுமையும் என்பதே அச்சொல்லின் பொருள். நெடிலும் குறிலும் கொண்டு யாப்பை அளக்கும் தமிழர்க்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. 1945இல் நாடு பிளவுண்டது. தெற்கில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் மரபுக்கலைகளைப் பேணற்குரிய செல்வமாக ஏற்றது. 1978இல் சியோல் நகரில் உழவர் மேளத்தின் நான்கு கருவிகள் ‘சாமுல்நோரி’ என்ற புதிய மேடைவடிவம் பெற்றன. வடக்கிலோ கருவிகள் திருத்தியமைக்கப்பட்டு, நாட்டார் பாடல்கள் பல்லியக் குழுவுக்கும் சேர்ந்திசைக்கும் ஏற்பச் செப்பனிடப்பட்டன. ஒரே தாளமரபு இரு வழிகளிற் சென்றது. எனினும் இரு வழியிலும் அரசே அதற்குக் கைகொடுத்தது. எமது மலையக மக்களின் தப்புக்கு அவ்வாறு கைகொடுப்பார் எவருமிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்குமெனத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் தம்முடன் தப்பையும் கொணர்ந்தனர். வட்டமான மரச்சட்டத்திற் தோல் போர்த்திய இக்கருவி, ஒரு கையிற் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய மூங்கிற் குச்சியும் கொண்டு அடிக்கப்படுவது. முன்னது கனத்த ஒலியையும் பின்னது கூரிய ஒலியையும் தரும். இவ்விரண்டின் பின்னலே அடி எனப்படுவது. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில் தோல் விரைவிற் தளர்ந்துவிடும். தீயிற் காய்ச்சாமல் அங்கே தப்புப் பேசாது.

தோட்ட வாழ்வில் தப்புக்குரிய தருணங்கள் பல. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. குளிர் நீங்குமுன் பால்வெட்டுத் தொடங்கவேண்டிய இறப்பர்த் தோட்டங்களில் அவ்வழைப்புக்கு முதன்மை மிகுதி. சாவுக்கு ஓர் அடி, அம்மன் திருவிழாவுக்கு வேறோர் அடி. மாசி மாதத்தில், பிறைகண்டு காமன் ஊன்றப்பட்டபின், காமன் பொட்டலிற் கூடும் மக்களுக்கு மதன், ரதி, எமன், வீரபத்திரன் ஆகியோரின் வருகையை அறிவிப்பதும் தப்பே. தஞ்சைப் பகுதியிற் காமன் பண்டிகை, எரிந்த கட்சி, எரியாத கட்சி என மோதும் லாவணிப் பாட்டோடு பிணைந்து வளர்ந்தது. அங்கே முழங்குவது ‘டேப்’ என்னும் கருவி. மலையகத்தில் அது தப்புக்கு ஆடும் கூத்தாக நிலைபெற்றது. ஆகவே, கடல் கடந்தமையே முதற் பிரிவு எனலாம்.

இரண்டாம் பிரிவு சட்டத்தால் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைப் பிரசாவுரிமை அற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. உடன்பிறந்தோருள் ஒருவர் கப்பலேற மற்றவர் லயத்திலே நின்றார். தப்பு தனியொருவர் கலையன்று; முன்னடிப்பவர், தொடர்ந்தடிப்பவர் என ஒரு குழுவாய் இயங்குவது. எழுத்திற் பதியாத இக்கல்வி, ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் கை பழகுவதாகும். ஆகவே குடும்பத்தைப் பிரித்த கோடு குழுவையும் பிரித்தது. 1984இல் கப்பற் போக்குவரத்தும் நின்றது.

அக்கரை சேர்ந்தோர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூர், கருநாடகத்துச் சுள்ளியா ஆகிய இடங்களின் இறப்பர்த் தோட்டங்களிலும், தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் சிதறினர். தமிழகத்திலோ தப்பு ‘பறை’ என்ற தொல்பெயரை மீட்டு, சாவுவீட்டிலிருந்து மேடைக்கும் ஊர்வலத்துக்கும் வந்தது. திண்டுக்கல் சக்திக் கலைக்குழுப் பெண்கள் அதைக் கையிலேந்தியமை இம்மாற்றத்தின் தெளிவான அடையாளம். மேடைக்கு ஏற்றது விரைந்த, ஒருசீரான, ஆட்டத்தோடு இயைந்த அடியாகும். இரவு முழுதும் நீளும் கூத்தின் பொறுமையான அடிக்கு அங்கே இடம் குறைவு.

இக்கரையில் நிகழ்ந்தது வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தமும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பலரை வெளியேற்றின. நுவரெலியாவைப் போலத் தோட்டங்கள் தொடர்ந்து கிடக்கும் நிலமன்று இது. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு தீவுகளென அமைந்த தோட்டங்களில், ஒரு குழு கலைந்தால் அடுத்த மலையிலிருந்து ஆளழைப்பது எளிதன்று. பிரட்டுத் தப்பின் இடத்தைச் சங்கும் மணியும் பிடித்துக்கொள்ள, அவ்வடியும் அதனுடன் போயிற்று. சாவும் திருவிழாவும் காமன் கூத்துமே தாளத்தைத் தாங்கும் தூண்களாயின.

அண்டை அயலின் இசையையும் ஈண்டு கருதவேண்டும். சப்ரகமுவச் சிங்கள நடனமரபின் முழவு ‘தவுல’. ஒருபுறம் குச்சியாலும் மறுபுறம் வெறுங்கையாலும் முழக்கப்படும் அது, எமது தவிலின் உறவைப் பெயரிலேயே காட்டுகின்றது. விகாரை இசையின் ‘தம்மெட்டம’ எமது தம்பட்டத்தை நினைவூட்டுகின்றது. பெயர்கள் எல்லை கடந்துள்ளன. அடிகளும் கடந்தனவா என்பதை இவ்விரு மாவட்டங்களிலே செவிகொடுத்துத்தான் தீர்மானித்தல் வேண்டும்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தப்படித்தல் ஒரு சாதியினர்மேற் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. பிள்ளை படித்து உத்தியோகம் பெறவேண்டுமென விரும்பித் தப்பைக் கீழே வைத்த தந்தையை, மரபை அழித்தவரென நாம் குறைகூற முடியாது. மரபைக் காக்கும் பொறுப்பை முன்பு இழிவைச் சுமந்தவர்மேலேயே மறுபடியும் ஏற்றுவது இரட்டை அநீதியாகும்.

எனவே நாம் அடையும் முடிவு இது: தாளத்தைக் காப்பது நினைவு மட்டுமன்று, அது ஒலிக்கவேண்டிய தருணமுமாகும். தருணங்கள் பிரிந்தமையால் அடிகளும் பிரிந்தன. ஆகவே தமிழகத்துப் பறையை மூலமெனவும், சப்ரகமுவத் தப்பைத் தேய்ந்த எச்சமெனவும் கொள்வது தவறு; இரண்டும் ஒரே வேரிற் கிளைத்த இரு வரலாறுகள். 1983இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பு மலைநாட்டு மக்கள் பாடல்களின் சொற்களைக் காத்தது. அச்சொற்களுக்கு அடியிற் கிடந்த அடிகளை, இரு கரைகளிலும், தப்பை இன்னும் கையிலேந்தியிருப்போரின் பெயரும் மதிப்பும் விளங்கப் பதிவு செய்தல் எம் தலைமுறையின் கடனாகும்.